உதிரிப்பாகத் தேவையை முன்கூட்டிச் சொல்வது: தரையில் நிற்கும் போர் விமானமும் நம்ம தேயிலை ஃபெக்டரியும்

ஊவாக்காத்து | சனி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

வளைகுடாவில் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கர் ஒன்றில் பதினொரு வருஷம் உதிரிப்பாக ஸ்டோரில் இருந்தேன். இப்போது ஊருக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஸ்டோர் கீப்பர். (மலையில் ஃபெக்டரியையே ஸ்டோர் என்று சொல்வோம். நான் சொல்வது சாமான் அறை.)

அங்கே ஒரு முறை ஒரு நாட்டு விமானப்படையின் சி-130 சரக்கு விமானம் பெரிய பரிசோதனைக்கு வந்தது. சக்கரத்தை இறக்கி ஏற்றும் பகுதியில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தது. மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் சீல், மோதிர விரலில் போடுகிற அளவு. என் அலுமாரியில் ஆறு பாக்கெட் இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஆறிலும் காலாவதித் தேதி தாண்டியிருந்தது. விமான ரப்பர் சாமானுக்கு, அது எந்தக் காலாண்டில் பதப்படுத்தப்பட்டது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். ரப்பர் வகையைப் பொறுத்து ஆயுள் உண்டு. தேதி போனால் பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தாலும் போடக்கூடாது. விற்பவரிடம் கேட்டோம். கையிருப்பு இல்லை, செய்துதான் தரவேண்டும் என்றார்கள். நான்கு எஞ்சின் உள்ள அந்தப் பெரிய விமானம் ஜாக்கியின் மேல் நாற்பத்தொரு நாள் நின்றது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். அந்த விமானம் பரிசோதனைக்கு வரும் தேதி ஒரு வருஷத்துக்கு முன்பே காலண்டரில் இருந்தது. அந்த இடத்தைத் திறந்தால் சீல் மாற்ற வேண்டிவரும் என்று மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் தெரியும். சீல் செய்கிறவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய அளவில் உண்டு. அங்கே பழுதுபார்த்துத் திரும்பப் போடும் பாகங்களைப் பெரும்பாலும் அந்தந்தப் படையே கவனிக்கிறது. போல்ட், சீல், ஃபில்டர் மாதிரி போட்டால் தீர்ந்துபோகும் சாமான்களில் பெரும்பங்கை வாங்கிக் கொடுப்பது பாதுகாப்புத் தளவாட முகமை, சுருக்கமாக டி.எல்.ஏ. 1961ல் தொடங்கியது. லட்சக்கணக்கான உருப்படிகளை அது பார்க்கிறது. அந்த முகமை தன் புத்தகத்தில் பழைய ஆர்டர்களை மட்டும் பார்த்து அடுத்த வருஷக் கணக்கைப் போட்டால், போன வருஷம் என்ன கேட்டார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அடுத்த வருஷம் எத்தனை எஞ்சின் ஓவர்ஹோலுக்கு வரப்போகிறது, எந்த விமானத்தை ஓய்வு கொடுத்து நிறுத்தப் போகிறார்கள், எந்தப் பாகத்தை மாற்றி வேறு வடிவம் போடப் போகிறார்கள், இதெல்லாம் படையின் திட்ட அறையில் இருக்கிறது. அந்தத் தாளை முகமைக்கும், முகமை வழியாகத் தொழிற்சாலைக்கும் முன்கூட்டியே கொடுக்கும் வழக்கத்தைத்தான் கூட்டு முன்கணிப்பு என்கிறார்கள்.

சீல் ஆயுளை நினைத்துப் பாருங்கள். பயத்தில் அள்ளி வாங்கி வைக்கவும் முடியாது, அலுமாரியிலேயே செத்துப்போகும். முன்கூட்டிச் சொல்வது ஒன்றுதான் வழி என்று நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

மகாவலிக்கரை | சனி, இரவு 10.15

அண்ணா, நான் பேராதனையில் புள்ளியியல் படிக்கிறேன். சொந்த ஊர் பொகவந்தலாவை. நீங்கள் சொன்னதில் கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சோப்பு, பால்மா மாதிரி சாமானுக்கு மாதா மாதம் விற்பனை இருக்கும். விமான உதிரிப்பாகத்துக்கு அப்படி வராது. ஒரு பாகத்தின் ஒரு வருஷக் கணக்கு 0, 0, 0, 4, 0, 0, 0, 0, 1, 0, 0, 0 என்று இருக்கும். இதற்குச் சாதாரண சராசரி போட்டால், ஆர்டர் வந்த மறுமாதம் கணக்கு திடீரென்று ஏறி நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். உண்மையில் ஆர்டர் வந்து முடிந்த கையோடு தேவை குறைவாகத்தான் இருக்கும். 1972ல் குரோஸ்டன் என்பவர் இதைப் பிரித்துப் பார்த்தார். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கேட்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, கேட்கும்போது எத்தனை கேட்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. அந்த முறையும் கொஞ்சம் கூட்டியே சொல்கிறது என்று பிறகு சின்டெட்டோஸ், பாய்லன் இருவரும் கண்டுபிடித்து 2005ல் திருத்தம் கொடுத்தார்கள். அதைச் சோதிக்க எடுத்தது வாகனத் துறையின் கணக்குகளைத்தான்.

எவ்வளவு திருத்தினாலும் இந்த முறைகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு எண்ணுக்குள்ளேதான் சுற்ற முடியும். நாலாவது மாதம் ஏன் 4 வந்தது என்று எண்ணுக்குத் தெரியாது. அண்ணா சொன்ன மெக்கானிக்குக்குத் தெரியும். அதனால் நீங்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது.

---

லேத்பட்டறை_ஹட்டன் | ஞாயிறு, காலை 6.50

தம்பி, தங்கச்சி இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதில் செய்து கொடுக்கிறவன் கதையை யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குக் கொழுந்து உருட்டும் ரோலரின் சாமான், புஷ், ஷாஃப்ட் எல்லாம் செய்து கொடுக்கிறேன். சில வருஷத்துக்கு முன்பு ஒரு தோட்டத்திலிருந்து பட்டியலோடு வந்தார்கள். அடுத்த வருஷம் ரோலர் எல்லாவற்றுக்கும் பித்தளை பேட்டன் (ரோலர் மேசையில் பதிக்கும் பட்டை) மாற்றப் போகிறோம், இப்போதே வார்த்து வையுங்கள், அவசரத்தில் கேட்டால் உங்களுக்கும் கஷ்டம் எங்களுக்கும் கஷ்டம் என்றார்கள். இப்போது தம்பி சொல்கிற அதே பேச்சு. வீட்டு நகையை அடகு வைத்துப் பித்தளை வாங்கி வார்த்தேன். ஆறு மாதத்தில் அங்கே புதுத் துரை (தோட்ட மேலாளர்) வந்தார். பட்டியல் கொடுத்தவர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போனார். கொழும்பிலிருந்து முழு செட்டாக இறக்குகிறோம், உங்களுக்கு ஆர்டர் எழுத்தில் கொடுத்தோமா என்று கேட்டார்கள்.

அந்த வார்ப்புகள் இன்னும் பட்டறை மூலையில் கிடக்கின்றன, ஈரத்துக்குப் பச்சை பூத்துப்போய்.

அமெரிக்கப் படைக்கு சீல் செய்கிறவனும் என்னைப் போல ஒருவன்தான் என்று நினைக்கிறேன். திட்டம் மாறினால் அவன் கிடங்கில் தேங்குவதற்கு யார் பொறுப்பு? அதற்குப் பதில் இல்லாமல் முன்கூட்டிச் சொல்வது நல்லது என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

ஊவாக்காத்து | ஞாயிறு, காலை 9.30

அண்ணே, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் கேட்டதுதான் இதில் நடு விஷயம், அதை நான் தொடாமலே போய்விட்டேன்.

சொல்வதையும் வாங்குவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். நான் வேலை செய்த இடத்தில் கடைசி இரண்டு வருஷத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குச் சொன்னது கிட்டத்தட்ட ஆர்டர் மாதிரி, மாற்றக்கூடாது. அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்குச் சொன்னதற்கு விற்பவர் மூலப்பொருள் மட்டும் வாங்கி வைப்பார். திட்டம் மாறினால் அந்த மூலப்பொருள் காசை நாங்கள் கொடுக்க வேண்டும். அதற்கும் அப்பால் சொல்வது தகவலுக்கு மட்டும், அதை நம்பி யாரும் காசு போட வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் ஒன்பது மாதத்துக்கு அப்பால் சொன்னதை ஆர்டர் மாதிரி நம்ப வைத்து, நட்டத்தையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அது அநியாயம்தான்.

ஆனால் சொல்லாமலே இருந்தால் வருவது வேறு நட்டம். குழந்தைகளின் டயப்பர் விற்கும் புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஒரு விஷயத்தைக் கவனித்தது. குழந்தைகள் மாதா மாதம் ஒரே அளவுதான் டயப்பர் பாவிக்கிறார்கள். கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து நிறுவனத்துக்கு, நிறுவனத்திலிருந்து மூலப்பொருள் கொடுப்பவருக்கு என்று ஆர்டர் மேலே போகப் போக ஏற்ற இறக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது. சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் துள்ளும், அது மாதிரி. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஹௌ லீயும் இன்னும் இருவரும் 1997ல் இதற்கான காரணங்களை எழுதினார்கள். அதில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்தது. தட்டுப்பாடு என்று தெரிந்தால் எல்லாரும் இரட்டிப்பாகக் கேட்பார்கள். 2022ல் கேஸ் வரிசையில் ஒரு வீட்டுக்கு இரண்டு சிலிண்டரோடு நின்றோமே, அதேதான். விற்பவர் அதைப் பார்த்து உண்மைத் தேவை ஏறிவிட்டது என்று நினைப்பார். தட்டுப்பாடு தீர்ந்ததும் ஆர்டர் ஒரேயடியாகப் படுத்துவிடும். கீழே உண்மையில் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்ற கணக்கு மேலே நேராகத் தெரிந்தால் இந்தத் துள்ளல் குறையும்.

---

தியத்தலாவைக்காரன் | ஞாயிறு, மதியம் 1.05

இரண்டு விஷயம். ஒன்று மனசு சம்பந்தப்பட்டது, ஒன்று வேலை சம்பந்தப்பட்டது.

1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சித்தப்பா குடும்பம் மலையை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. கிஃபிர் போர் விமானத்தின் சத்தம் கேட்டால் அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே பார்ப்பார்கள். போர் விமானம் தடையில்லாமல் பறக்க வழி சொல்லும் பேச்சை என்னால் வெறும் கணக்காகப் பார்க்க முடியவில்லை. இதை எழுதாமல் இருந்தால் பொய்யாக இருக்கும், அதனால் எழுதினேன்.

இரண்டாவது. இலங்கை விமானப்படையிடம் இஸ்ரேலிய கிஃபிர், உக்ரைனிலிருந்து வந்த மிக்-27, பிரிட்டனிடமிருந்து வாங்கிய சி-130, சீன எஃப்-7, ரஷ்ய எம்ஐ-17, அமெரிக்க பெல் 212 என்று ஆறு நாட்டுச் சாமான் இருந்தது. ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் கொஞ்சம். யுத்த காலத்தில் அடுத்த ஆறு மாதத்துக்கு இத்தனை சாமான் வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆறு மாதத்தில் எவ்வளவு பறக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? எந்த நாட்டுப் படையும் அதைச் செய்யத் தயங்கும். ரகசியம் என்ற ஒன்று இருக்கும்வரை இந்தக் கூட்டு முன்கணிப்பு ஒரு எல்லைக்கு மேல் போகாது என்பது என் கருத்து.

---

கொட்டகலைக் கிளாக்கர் | ஞாயிறு, மாலை 4.20

தம்பி சொன்ன முதல் விஷயத்துக்கு எதிர்ப்பேச்சு என்னிடம் இல்லை. அந்தப் பயத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கம் மண் சரிந்து பாதை போய்விட்டது. லைட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. லயத்தில் இருந்தவர்களை எல்லாம் பாடசாலையில் வைத்திருந்தோம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மேகத்துக்கு அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. எந்த நாட்டுடையது என்றுகூடத் தெரியவில்லை. பிள்ளைகள் ஓடி வெளியே வந்தார்கள். ஒரு கிழவி சேலைத் தலைப்பை எடுத்து ஆட்டிக்கொண்டே இருந்தார். அது எங்கள் பக்கம் இறங்கவில்லை, அடுத்த மலைக்குப் போய்விட்டது. ஆனால் எங்கேயோ இறங்குகிறது என்பதே அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதே படை, அதே ஹேங்கர், அதே உதிரிப்பாக அலுமாரி. மலையில் பாதை போனால் மேலே வருவது அது ஒன்றுதான். அன்றைக்கு எத்தனை ஹெலிகாப்டர் ஒரு சீலுக்காகவோ ஒரு பேரிங்குக்காகவோ தரையில் நின்றிருந்தால் எத்தனை பேரை எடுக்க முடியாமல் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். அதனால் இந்தப் பேச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

---

மகாவலிக்கரை | ஞாயிறு, இரவு 9.00

அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

தியத்தலாவை அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பாகமும் ஒரே மாதிரித் தேயாது. டயரும் பிரேக்கும் எத்தனை முறை தரையிறங்கியது என்பதைப் பொறுத்துத் தேயும். எஞ்சின் பாகம் பறந்த மணித்தியாலத்தைப் பொறுத்தது. இந்த இரண்டையும் வெளியே சொன்னால் நீங்கள் சொன்ன ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஆனால் சீல், ஹோஸ், ஃபில்டர், தீயணைப்புச் சிலிண்டர் மாதிரிப் பலவற்றுக்குக் காலண்டர் தவணை இருக்கிறது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்தத் தேதிக்கு மாற்ற அல்லது சோதிக்க வேண்டும். இவற்றை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் யாரும் அதிலிருந்து பறப்புத் திட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

சிறிய படை என்றால் பழைய எண்ணை வைத்துப் புள்ளியியல் செய்யவே வழியில்லை. இரண்டே இரண்டு சி-130 இருக்கும்போது சராசரி எடுத்து என்ன பயன்? பரிசோதனைக் காலண்டரே முன்கணிப்பு. பெரிய படையை விடச் சிறிய படைக்குத்தான் இது அதிகம் தேவை என்று தோன்றுகிறது.

இன்னொரு கணக்கு. ஒரு விமானத்தை எழுப்ப 20 வகைச் சாமான் வேண்டும் என்று வையுங்கள். கிடங்கில் ஒவ்வொன்றும் கையிருப்பில் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம். கிடங்கு அதிகாரி பெருமையாகச் சொல்லலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுக்கிறோம் என்று. ஆனால் இருபதும் ஒரே நேரத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். அதனால் எத்தனை ஆர்டரை நிறைவேற்றினோம் என்று பார்க்காமல், எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் கையிருப்பை முடிவு செய்ய வேண்டும். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஷெர்புரூக் 1968லேயே இதற்கு ஒரு கணித மாதிரியை உருவாக்கி வெளியிட்டார்.

---

நானுஓயா_ஷெட் | திங்கள், காலை 5.45

நான் ரயில் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவன். விமானம் பற்றித் தெரியாது, ஆனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவது பற்றி நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

ஒரு இடத்தில் எஞ்சின் ஒன்று ஓரமாக நின்றது. சின்னப் பழுதுதான். ஒரு பம்ப் வர வேண்டும் என்று நிறுத்தினார்கள். பம்ப் வரும்வரை சும்மாதானே நிற்கிறது என்று மற்ற எஞ்சினுக்கு அதிலிருந்து ஒரு வால்வ் கழற்றினோம். அப்புறம் ஒரு பேரிங். அப்புறம் கண்ணாடி. ஒரு வருஷத்தில் அது வெறும் கூடு. இதில் வேலை இரண்டு மடங்கு. கழற்றுவது ஒரு தடவை, போடுவது ஒரு தடவை. கழற்றும்போது நல்லதாக இருந்த சாமானும் சில நேரம் உடையும்.

தங்கச்சி பழைய ஆர்டர் கணக்கைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். அந்தக் கணக்கு பொய். நாங்கள் கேட்டதெல்லாம் அதில் இல்லை. கேட்டால் வராது என்று தெரிந்த சாமானை நாங்கள் கேட்பதையே விட்டுவிட்டோம். ஃபார்ம் எழுதிக் கையெழுத்துக்கு அலைந்து, எட்டு மாதம் கழித்து இல்லை என்று பதில் வாங்குவதை விட, பக்கத்தில் நிற்கும் எஞ்சினில் கழற்றினால் மாலைக்குள் ரயில் ஓடும். மேலே இருந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்து, மூன்று வருஷமாக இந்த வால்வை யாரும் கேட்கவில்லை, இது தேவையில்லாத சாமான் என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஐயோ, அந்த வால்வுக்காக நாங்கள் எத்தனை இரவு நின்றிருப்போம்!

கேட்டதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கழற்றியதை எழுதச் சொல்லுங்கள், அதை வைத்துப் போடுங்கள்.

---

ஊவாக்காத்து | திங்கள், இரவு 7.30

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பதினொரு வருஷம் ஸ்டோரில் இருந்தும் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. நாங்கள் கணினியில் பார்த்தது எல்லாம் கேட்டதன் வரலாறு. வேண்டியிருந்ததன் வரலாறு மெக்கானிக்கின் கையில் இருந்திருக்கிறது.

இது எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தை எடுங்கள். உலகின் பல நாடுகள் ஒரே உதிரிப்பாகத் தொகுதியைப் பகிர்ந்து பாவிக்கும் ஏற்பாடு அது. தகவல் பகிர்வுக்கு இதை விடப் பெரிய மேடை கிடையாது. அப்படியிருந்தும் 2018 மே முதல் நவம்பர் வரை உதிரிப்பாகம் இல்லாமல் ஏறக்குறைய 30 சதவீத நேரம் அந்த விமானங்கள் பறக்க முடியாமல் நின்றன என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கணக்காய்வு செய்யும் ஜி.ஏ.ஓ. 2019ல் எழுதியது. 2023 மார்ச்சில் பணிக்குத் தகுதியாக இருந்தது 55 சதவீதம்தான். பழுதுபார்க்கக் காத்துக் கிடந்த பாகங்கள் 10,000க்கு மேல். காரணம் கணிப்பு மட்டும் இல்லை. பழுதுபார்க்கும் பட்டறைகளைக் கட்டி முடிப்பதே திட்டத்தை விடப் பல வருஷம் பிந்திவிட்டது. என்ன வேண்டும் என்று எவ்வளவு சரியாகச் சொன்னாலும், செய்து கொடுக்கும் கை இல்லாவிட்டால் பயன் இல்லை. லேத் அண்ணே மாதிரி ஆட்களைக் கடனில் தள்ளி மூட வைத்தால் அடுத்த முறை சொல்வதற்கே ஆள் இருக்காது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விநியோகச் சங்கிலியை ஜி.ஏ.ஓ. 1990ல் ஆபத்தான துறைகளின் பட்டியலில் சேர்த்தது. அதை நீக்கியது 2019ல். ஏறக்குறைய முப்பது வருஷம். அவ்வளவு பணமும் கணினியும் உள்ள நாட்டுக்கே அவ்வளவு காலம் எடுத்தது என்றால், இது மென்பொருள் வாங்கிப் போட்டுத் தீர்க்கும் விஷயம் இல்லை.

---

லேத்பட்டறை_ஹட்டன் | செவ்வாய், காலை 6.30

தம்பி எழுதிய மூன்று மாதம், ஆறு மாதக் கணக்கு எனக்குப் பிடித்தது. மூலப்பொருள் காசை வாங்குபவர் கொடுப்பார் என்றால் நான் கேட்கத் தயார்.

ஆனால் இன்னொன்று வேண்டும். என்னிடம் பட்டியலோடு வருகிறவர், போன வருஷம் என்ன சொன்னார், என்ன வாங்கினார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். பத்து கேட்பேன் என்று சொல்லி ஆறு வாங்கும் ஆள் என்று தெரிந்தால் நான் ஆறுக்குத் தயார் பண்ணுவேன். அதில் கோபம் ஒன்றும் இல்லை.

---

மகாவலிக்கரை | செவ்வாய், காலை 8.10

லேத் பட்டறை ஐயா, நீங்கள் கேட்டதைத்தான் எங்கள் பாடத்தில் சாய்வு என்கிறோம். சில நேரம் கூடவும் சில நேரம் குறையவும் தவறுவது வேறு, எப்போதும் ஒரே பக்கம் தவறுவது வேறு. முதல் வகைக்குக் கையிருப்பு வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம், நீங்கள் பத்தை ஆறாக்கிய மாதிரி. சொன்னதையும் வாங்கியதையும் சேர்த்து வைக்காவிட்டால் எது எந்த வகை என்றே தெரியாது.

---

தியத்தலாவைக்காரன் | செவ்வாய், இரவு 9.50

கொட்டகலை அக்காவுக்கு: அந்த வாரம் நானும் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அக்கா எழுதியதும் உண்மை. இரண்டும் என் மனசில் இருக்கட்டும்.

காலண்டர் தவணைச் சாமானைப் பிரித்துக் கொடுப்பது என்று தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

---

ஊவாக்காத்து | இரண்டு மாதம் கழித்து, சனி, இரவு 8.15

இழையை மறக்கவில்லை. இங்கே பேசியதை எங்கள் ஃபெக்டரியில் செய்து பார்த்தேன், அதை எழுத வந்தேன்.

ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலம்தான் எங்களுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம். அப்போது ஒரு ட்ரஃப் (கொழுந்தைப் பரப்பி வாட்டும் தொட்டி) மின்விசிறி நின்றால் கொழுந்து வாடாது, அன்றைய தேயிலையின் மணமே போய்விடும். வழக்கமாக என்ன செய்வோம்? பேரிங் கத்த ஆரம்பித்ததும் ஆளை பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அனுப்புவோம். போய் வர இரண்டு நாள். கிடைத்ததை, கிடைத்த விலைக்கு வாங்கி வருவார்.

இந்த முறை முதலில் நானுஓயா ஐயா சொன்னதைச் செய்தேன். ஆர்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஃபிட்டரையும் டீமேக்கரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போனேன். நாலாம் நம்பர் ட்ரஃப்பில் கையை வைத்துப் பார்த்த ஃபிட்டர், இந்தப் பேரிங் ஆகஸ்ட் வரை தாங்காது என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். போன தீபாவளியிலிருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார். மூலையில் ஓடாமல் நின்ற பழைய ரோலரைக் காட்டி, அதிலிருந்து இதுவரை கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்பது சாமான். எங்கள் புத்தகத்தில் அதில் ஒன்றுகூட இல்லை.

அப்படிப் பதினாலு உருப்படி ஒரு தாளில் வந்தது. துரையிடம் கொண்டுபோனேன். மூலப்பொருள் காசு என்ற பகுதியைப் பார்த்ததும் முதலில் மாட்டேன் என்றார். போன சீசனில் ஒரு நாள் மின்விசிறி நின்றதில் போன காசை எழுதிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

லேத் அண்ணே, உங்களுக்குத் தனிச்செய்தியில் அந்தத் தாளை அனுப்பியிருக்கிறேன். ஆறு உருப்படி உங்கள் பட்டறை வேலை. முதல் மூன்றுக்கு ஆர்டர் நம்பர் போட்டிருக்கிறது, அது மாறாது. அடுத்த மூன்றுக்கு நீங்கள் பித்தளையும் இரும்பும் மட்டும் வாங்கினால் போதும். கடைசிப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன். வாங்கியதை அதில் மாதா மாதம் எழுதி உங்களுக்கு ஒரு பிரதி அனுப்புவேன். குறைந்தால் குறைந்தது என்றே எழுதுவேன்.

---

லேத்பட்டறை_ஹட்டன் | ஞாயிறு, காலை 7.05

தாள் வந்தது தம்பி. இரண்டாவது உருப்படியில் ஷாஃப்ட் நீளம் போட்டிருக்கிறீர்கள், சாவிக்குழி அகலம் போடவில்லை. பழைய ஷாஃப்ட்டையே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், அளந்துகொள்கிறேன். பேட்டனுக்கு நீங்கள் புதுப் பித்தளைக்குக் காசு தரத் தேவையில்லை. மூலையில் கிடக்கிற அந்த வார்ப்பு உங்கள் ரோலருக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன், நாளைக்கு ஒன்றை உரசிப் பார்த்துச் சொல்கிறேன்.